பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை

அந்தத் தொடர் மறுபடியும் வரப்போகிறது என்ற செய்தியை முதலில் சொன்னது அப்பாதான். காலையில் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சோப்பு. மாமியார் போனை என் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு, நம்ம வானம் மறுக்கா வருதாம் சாமி! ஞாயித்துக்கெழம சாயந்தரம். எல்லாம் புதுசா எடுத்திருக்கறாங்களாம்.”

“அப்படியாப்பா?”

“என்ன அப்படியாங்கற? சனிக்கெரகம் வருது கண்ணு! விளம்பரத்துலயே காட்டறான்.”

“பாக்கறேம்ப்பா,” என்றேன். மகளின் கண்ணில் சோப்பு போய்விடக்கூடாது என்பதில்தான் என் கவனம் இருந்தது. மாமியார் போனை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்து வைத்தார்.

‘நம்ம வானம்’ என்பது நாங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட பெயர். நான் எட்டாவது படித்தபோது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தமிழில் வந்துகொண்டிருந்த விண்வெளித் தொடர் அது. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் காட்டில் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அப்பா ஓடி வருவார். கால் முழுக்கச் சேறு இருக்கும். கழுவ நேரம் இருக்காது. உடம்பு வீட்டுக்குள்ளும் கால்கள் வாசற்படிக்கு வெளியிலுமாக உட்கார்ந்து பார்ப்பார்.

சனிக் கோள் வரும் இடத்தில் அதுவரை பேசிக்கொண்டிருந்த ஆண்குரல் நின்றுவிடும். இருட்டில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அது மெதுவாகச் சாய்ந்து வளையமாக விரியும். எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நிற்கும். கையை நீட்டி அப்பாவிடம் காட்டுவேன். அவர் தன் கையைக் காட்டுவார். மறுஒளிபரப்பில் எத்தனை முறை பார்த்தாலும் அதே இடத்தில் அதே மாதிரி நடக்கும். நான் கல்லூரியில் இயற்பியல் எடுத்ததற்கு அந்த வளையம்தான் காரணம் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அது முழு உண்மையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. என் மதிப்பெண்ணுக்கு அந்தப் பாடம் கிடைத்தது என்றும் சொல்லலாம். ஆனால் புல்லரித்தது உண்மை.

தொடர் மறுபடி வருகிறது என்றதும் நான் பயந்ததற்கும் அதுதான் காரணம்.

மகள் பிறந்ததும் துடைத்து என் நெஞ்சில் வைத்தார்கள். நர்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வரும் வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தது வரவில்லை. சூடாக இருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று நினைத்தேன். மயக்கமாக இருக்கும், தையல் வலியாக இருக்கும், இரண்டு நாளில் சரியாகும் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மகள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குப் பால், நேரத்துக்குக் குளியல், தேதி தவறாமல் தடுப்பூசி. காய்ச்சல் வந்துவிடுமோ, மூச்சு முட்டிவிடுமோ என்ற பயமும் நிறைய இருந்தது. பயப்படத் தெரிகிறது, பிரியப்படத் தெரியவில்லை. இது என்ன மாதிரியான தாய் என்று துணி அலசும்போதெல்லாம் யோசிப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. பார்க்கிறவர்களுக்கு நான் பொறுப்பான பெண்ணாகத் தெரிந்தேன். என்றைக்காவது ஒருநாள் மகளுக்கு மட்டும் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா போனை வைத்த பிறகு எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. சனி வரும்போது கை மயிர் எழுந்து நின்றால், எனக்குள் அது இன்னும் இருக்கிறது, மகளிடம் வரத்தான் தாமதமாகிறது. எழவில்லை என்றால் அது எங்குமே இல்லை. பி.எட். முடித்தவள் போடுகிற கணக்கா இது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

மலைமேல் வாழவந்தி நாட்டுப் பக்கம், மாமனார் காலத்தில் வாங்கிய மிளகுத் தோட்டத்தில்தான் எங்கள் வீடு. அது மிளகு பறிப்புக் காலம். பகலில் பறித்துக் குவிக்கிற சரங்களைச் சாயந்தரம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உருவுவோம். உருவிய பச்சை மணிகளை மறுநாள் பாயில் காய வைக்க வேண்டும். கைக்கு வேலை இருப்பதால் கண்ணுக்கு டிவி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார், என் கணவர், பக்கத்துத் தோட்டத்து அக்கா, லாரி ஓட்டும் அவர் கணவர் என்று நாலு பேர் முறத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

புதுத் தொடரில் ஆண்குரல் இல்லை. இளம்பெண் குரல் ஒன்று படபடவென்று பேசியது. பின்னால் மேளச்சத்தம் மாதிரி இசை. விண்கலம் ஒன்று ஒரு கோளைச் சுற்றி வளைந்து, அந்த வேகத்திலேயே அடுத்த கோளுக்குப் போகிறது என்று காட்டினார்கள்.

லாரிக்கார அண்ணன் சரத்தைக் கீழே வைத்துவிட்டார். “பிரேக்கே போடாம திருப்பறானுங்களே! நம்ம கொண்ட ஊசி வளைவுல இப்படித் திருப்பச் சொல்லுங்க பாக்கலாம்.”

“நீங்க காலியா எறங்கறப்பவே ஆரன் அடிச்சுட்டு நின்னு நின்னு எறங்குவீங்க,” என்றார் அக்கா. “இதுல அவனச் சொல்ல வந்துட்டீங்க.”

“அங்க எதுத்தாப்பல பஸ்ஸு வராது புள்ள. வந்தா தெரியும்.”

மாமியாருக்கு வேறு சந்தேகம். “ஏஞ்சாமி, இது போவுதுன்னா, இத வெளிய நின்னு படம் புடிக்கறவன் எதுல போறான்?”

“அது கம்ப்யூட்டர்ல வரையறதும்மா,” என்றார் என் கணவர்.

“வரையறதா? அப்பறமெதுக்கு அத்தாந்தூரம் போனானுங்க? இங்கயே உக்காந்து வரைஞ்சிருக்கலாமில்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “இதோ, சூரியக் குடும்பத்தின் மகுடம்” என்றது அந்தப் பெண்குரல். இசை நின்றது. திரை கறுத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

திரை கறுப்பாகவே இருந்தது. மிளகு மணிகள் முறத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பழைய தொடரிலும் சனிக்கு முன்னால் இப்படி மௌனம் உண்டு என்பதால் நானும் அந்தக் கோட்டுக்காகக் காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“ரொம்பத் தூரமாட்ட இருக்குதுங்க,” என்றார் அக்கா மெதுவாக. “இன்னும் போய்ச் சேரல.”

“இருட்டுல போனா அப்படித்தான்,” என்றார் அண்ணன். “ஹெட்லைட்டு போட்டிருக்கலாம்.”

என் கணவர்தான் சந்தேகப்பட்டு எழுந்து கதவைத் திறந்தார். வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்தது. கூரைமேல் இருக்கும் டிஷ் கண்ணுக்கே தெரியவில்லை. மூட்டம் வந்தால் எங்களுக்கு டிவி போய்விடும். வழக்கமாக ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்தாவது வரும். அன்று பெட்டி ஏதோ மக்கர் செய்து அதுவும் வரவில்லை. நாங்கள் ஐந்து பேரும் ஓடாத டிவியை வானம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அக்கா முறத்தில் கை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். “நல்லாத்தானுங்க இருந்துச்சு! நான் ஏதோ மனசுக்கு அமைதியா இருக்குதுன்னு பாத்துட்டிருந்தேன்.”

மூட்டம் விலகியபோது சமையல் எண்ணெய் விளம்பரம் வந்துகொண்டிருந்தது. நான் ஸ்வெட்டர் கையை இறக்கிவிட்டேன்.

மறுநாள் காலை அப்பா கூப்பிட்டார்.

“பாத்தியா கண்ணு? அந்த எடம்? பழையபடி புல்லரிச்சுதா?”

“ஆமாப்பா,” என்றேன். “புல்லரிச்சுது.”

“எனக்குந்தான் சாமி! உங்கம்மா சிரிக்கறா. இந்த வயசுல மயிர்க்கூச்செறியுதாம்னு. நெட்டுல அந்தப் படத்துக்குக் கீழ கமெண்ட்டுன்னு போடறாங்களே, அதுல நானும் எழுதிட்டிருக்கறேன். உனக்கு அனுப்பி வெச்சிருக்கறேன், பாரு.”

பார்க்காததைப் பார்த்ததாக ஏன் சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்தேன். மூட்டம் வந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு ஒரே பதில்தான் இருப்பதாக எனக்குப் பட்டது.

எங்கள் வீட்டுக்குள் பேசுவதற்கு மட்டும்தான் டவர் கிடைக்கும். படம் பார்க்க வேண்டுமானால் மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். மகளின் துணிகளை அங்கேதான் கொடி கட்டிக் காயப்போடுவேன். துணியைப் போட்டுவிட்டு அப்பா அனுப்பியதைத் திறந்தேன். தொலைக்காட்சிக்காரர்களே அந்தச் சனிக் காட்சியைத் தனியாக வெட்டிப் போட்டிருந்தார்கள். வெயில் படாமல் திரையைக் கையால் மறைத்துக்கொண்டேன். இருட்டு, கோடு, பிறகு வளையம். பழையதைவிடத் தெளிவாக, வளையத்துக்குள் வளையமாக, துகள் துகளாகத் தெரிந்தது. மிக நன்றாக எடுத்திருந்தார்கள். கையைப் பார்த்தேன். மயிர் படுத்தே கிடந்தது.

இன்னொரு முறை பார்த்தேன். திரை சின்னது, வெயில் வேறு என்று மனசு காரணம் தேடியது. மூன்றாவது முறை ஓட்டவில்லை.

கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். கண்ணீர் வந்துவிட்டது என்று ஒருவர். பழைய குரல் எங்கே, அந்தக் குரலுக்காகவே பார்த்தோம் என்று ஒருவர். இசை காதைக் கிழிக்கிறது என்று இன்னொருவர். அழுதவர்களும் திட்டியவர்களும்தான் இருந்தார்கள். எனக்கு இரண்டும் இல்லை. என்னைப் போல ஒருவராவது இருப்பார் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனேன். கிடைக்கவில்லை. ஏன் எழுதினேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் கணக்கில் பெயருக்குப் பதில் ஏதோ எழுத்தும் எண்களும்தான் இருக்கும், யாருக்கும் தெரியாது என்ற தைரியம் இருந்திருக்கலாம். “பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை” என்று எழுதிவிட்டு இறங்கி வந்தேன்.

அடுத்த நாள் துணி எடுக்கப் போனபோது அதன்கீழே சண்டை நடந்துகொண்டிருந்தது. “சரியாகச் சொன்னீர்கள் சகோ! உயிரே இல்லாத தொடர்” என்று ஒருவர். “மூன்றே வார்த்தையில் விமர்சனம், அடி தூள்” என்று ஒருவர். “ஒன்றும் தோன்றாதவர் ஏன் வந்து பார்க்கிறீர்கள்? சீரியல் பாருங்கள்” என்று ஒருவர். என்னைப் பற்றி நான் எழுதியதை அத்தனை பேரும் தொடரைப் பற்றி என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் தப்பில்லை. வேறு எப்படிப் படிப்பார்கள்?

கடைசியில் நீளமான பதில் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் மரவள்ளிக் காட்டில் நிற்கும் வெள்ளைப் பசுவின் படம். அந்தப் பசுவை எனக்குத் தெரியும்.

“மதிப்பிற்குரிய நண்பருக்கு வணக்கம். ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியுள்ளீர்கள். அவசரத்தில் பார்த்திருப்பீர்கள். என் மகள் சிறுவயதில் இந்தத் தொடரைப் பார்த்துத்தான் இயற்பியல் படித்தாள். நேற்று முன்தினம் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்திருக்கிறாள். பழையபடியே புல்லரித்தது என்று சொன்னாள். அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. எனவே குறை தொடரில் இல்லை, தங்களிடம்தான் உள்ளது. இப்படிக்கு, ஒரு விவசாயி.”

தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுகை வரவேண்டிய இடம் இது என்று தோன்றியது. வரவில்லை. அப்பா சொன்னது சரிதானே என்று மட்டும் நினைத்தேன். குறை தொடரில் இல்லை. நான் எழுதியதை அழித்துவிடலாம், யாருக்கும் ஒன்றும் தெரியாது. விரல் அந்த இடத்துக்குப் போயும்விட்டது. அழித்தால் அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் புல்லரித்தது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பொய் சொல்லாத பிள்ளை என்று அவர் ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டே இருப்பார். அங்கேயே உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டேன்.

“அப்பா, அந்தக் கமெண்ட்டு...”

“எது, அந்தத் திமிரு புடிச்சவனா? பாத்தியா கண்ணு நான் குடுத்தத? ஒரு பதிலக் காணோம்!”

“அது நான்தாம்ப்பா.”

பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

“எது நீயி?”

“ஒண்ணும் தோணலன்னு எழுதுனது.”

“அப்ப புல்லரிச்சுதுன்னு சொன்னியே?”

“அரிக்கலப்பா. சும்மா சொன்னேன்.”

“ஏன், படம் நல்லா இல்லியா?”

“படம் நல்லாத்தான் இருக்குது.”

“அப்பறம் எதுதான் சாமி நல்லா இல்ல?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“பாப்பாவப் பாத்தாலும் அப்படித்தாம்ப்பா இருக்குது,” என்றேன். “பொறந்ததுல இருந்து. எல்லாம் செய்யறேன். உள்ள ஒண்ணும் வரமாட்டேங்குது.”

“இரு, மோட்டார நிறுத்திட்டு வாரேன். வெச்சுராத,” என்றார். அவர் நடந்துபோகும் சத்தமும் மோட்டார் அடங்கும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து, “இருக்கறியா?” என்றார்.

“இருக்கறேம்ப்பா.”

“நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாரேன்.”

“எதுக்குப்பா, வேல கெடக்குது...”

“வாரேன்,” என்றார்.

அவர் வந்து நிற்பதற்குள் வீட்டில் சொல்லியாக வேண்டும் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. முதலில் கணவரிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று மேடு இறங்கும்போதே கவலை தொடங்கிவிட்டது. அவர் பாயில் மிளகைத் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். துழாவுவதை நிறுத்தாமல் கேட்டார். பாய் முழுக்கத் துழாவி முடித்துவிட்டு, “எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?” என்றார்.

“சொல்லியிருக்கலாமுங்க.”

“நான் உன்னக் கேக்காம இருந்ததும் தப்புதான். நீ தூங்கறதே இல்லங்கறது தெரியும். கொழந்த ஊட்ல இருந்தா அப்படித்தான்னு உட்டுட்டேன்.”

மாமியார் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். “நானுந்தான் பாத்தேன்,” என்றார். “மருமவ பாட்டே பாடாம புள்ளையத் தூங்க வெக்குதேன்னு. படிச்ச புள்ளைங்க அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்.” திட்டுகிறாரா வருத்தப்படுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டை என்னை எழவிடாமல் அவரே போட்டார்.

அப்பா வந்தபோது பையில் எதுவும் கொண்டுவரவில்லை. அவர் வெறுங்கையாக வந்து நான் பார்த்ததில்லை. மகளைத் தூக்கிக்கொண்டார். அவளை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நான் உன்னையவா திமிரு புடிச்சவன்னு சொன்னேன்?” என்றார். மாமியார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் தெரிவதில் எனக்கு என்றும் சிரமம் இருந்ததில்லை.

மறுநாள் நானும் கணவரும் அப்பாவும் மகளோடு சேந்தமங்கலத்துக்கு இறங்கினோம். எங்களுக்குத் தெரிந்த பெண் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். தூக்கம், பசி, குழந்தையை ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறதா, என்னையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா. இல்லை என்றேன், அது உண்மை. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும், இது உங்கள் குணம் இல்லை, நோய் என்றார். மாத்திரை எழுதினார், பேசுவதற்கு நாமக்கல்லில் வேறொரு டாக்டரையும் பார்க்கச் சொன்னார். “உடனே தெரியாதும்மா, கொஞ்ச நாள் ஆகும்” என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். தவறான கேள்வி கேட்டுவிட்டேனோ என்று பஸ்ஸில் வளைவுக்கு வளைவு நினைத்துக்கொண்டே வந்தேன்.

தொட்டிக்குப் போனபோது பார்த்தேன். அப்பா தன் பதிலை அழித்திருந்தார். மற்றவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். “அந்த விவசாயி ஐயா எங்கே? பதில் சொல்ல முடியாமல் ஓடிவிட்டாரா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் எழுதியதை நான் அழிக்கவில்லை.

அப்பா ஊருக்குத் திரும்பவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களோடுதான் இருந்தார். அக்காவும் அண்ணனும் வந்தார்கள். மூட்டம் இல்லை. அப்பா பழக்க தோஷத்தில் வாசலை ஒட்டி உட்கார்ந்து, கழுவிய கால்களை வெளியே நீட்டிக்கொண்டார். மலைக் குளிரில் அவர் கால் விறைத்துவிடும் என்று மாமியார் சாக்குப் பை ஒன்றைப் போர்த்திவிட்டார். அந்த வாரம் வியாழன் கோள். செஞ்சிவப்பாக ஒரு புயல், நம் பூமியையே விழுங்கும் அளவு பெரியது என்றது அந்தப் பெண்குரல்.

“அம்மாடி!” என்றார் அக்கா.

“தார்ப்பாய் கட்டுனாலும் நிக்காது,” என்றார் அண்ணன்.

மகள் அப்பாவின் மடியில் இருந்தாள். அவர் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சரம் உருவிக்கொண்டிருந்தார். அவருக்கு உருவத் தெரியவில்லை, காம்பும் சேர்ந்து வந்தது. படம் முடியும் வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் திரும்பினார். கேட்கவா வேண்டாமா என்று அவர் தயங்குவது தெரிந்தது.

“ஒண்ணும் தோணலப்பா,” என்றேன்.

“செரி கண்ணு,” என்றார். கையிலிருந்த காம்பைக் கீழே போட்டுவிட்டு, “எனக்குமே அந்த மேளச்சத்தம் புடிக்கல,” என்றார்.

மகள் தூங்கியிருந்தாள். அவரிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். கனமாக இருந்தாள், சூடாக இருந்தாள். மாத்திரை போடும் நேரம் ஆகியிருந்தது. கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.